எட்டுப் பேர் சேர்ந்த ஆல்பம், சேராத பாடல்கள்: யெஸ் குழுவின் ‘யூனியன்’

‘யூனியன்’ ஆல்பத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மூன்றாவது பாடல் வரும்போது கையில் இருக்கிற வேலை தானாக நின்றுவிடும். அதன் பெயர் ‘மாஸ்கரேட்’. இரண்டே கால் நிமிடம் ஓடும். யெஸ் குழுவின் ஸ்டீவ் ஹவ், ஒரு கிட்டார், அவ்வளவுதான். நரம்பின் மேல் விரல் நகர்கிற சத்தம்கூடக் கேட்கும். ஒரு மனிதர் உட்கார்ந்து வாசிக்கிறார் என்று சந்தேகமில்லாமல் தெரியும். அதற்கு முன்னால் இரண்டு பாடல்கள், பின்னால் பதினொரு பாடல்கள். அவற்றில் இன்னும் எத்தனையோ பேர் வாசித்திருக்கிறார்கள். ஆனாலும் இந்த ஒற்றைக் கிட்டாரில் இருக்கிற ஆள் நடமாட்டம் பல பாடல்களில் இல்லை.

ஏன் இப்படி ஆனது என்று தேடிப் போனதன் விளைவுதான் இந்த ஆய்வு. 1991 ஏப்ரல் 30 அன்று அரிஸ்டா நிறுவனம் வெளியிட்ட ‘யூனியன்’, ப்ரோக்ரெசிவ் ராக் (நீண்ட, பல பகுதிகள் கொண்ட பாடல்களை எழுதும் ராக் வகை) வரலாற்றில் மிகப் பெரிய மறுசேர்க்கை என்று அறிவிக்கப்பட்ட ஆல்பம். யெஸ் குழுவின் எட்டு உறுப்பினர்கள், அதாவது பழைய குழுவும் புதிய குழுவும் ஒரே பெயரின் கீழ் வந்தார்கள். விற்பனை மோசமில்லை, வானொலியில் ஓடியது, சுற்றுப்பயண அரங்குகளில் ஆரவாரம் இருந்தது. ஆனால் அதில் வாசித்தவர்களே அதை வெறுத்தார்கள். ரசிகர்கள் இன்றும் யெஸ் ஆல்பங்களை வரிசைப்படுத்தினால் இதைக் கடைசிப் பக்கமாகத் தள்ளுகிறார்கள்.

ஒரே நாற்காலிக்கு இருவர்

ஜான் ஆண்டர்சனும் கிறிஸ் ஸ்க்வையரும் 1968-ல் லண்டனில் தொடங்கிய குழு யெஸ். மூன்று நிமிடப் பாடல் என்ற அளவை உடைத்து, பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று பல பகுதிகள் கொண்ட பாடல்களை எழுதியவர்கள். 1972-ல் வந்த ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ ஆல்பத்தில் மொத்தமே மூன்று பாடல்கள்தான். ஆட்கள் மாறிக்கொண்டே இருந்த குழு அது. கீபோர்டு வாசித்த டோனி கே 1971-ல் விலக, ரிக் வேக்மேன் வந்தார். ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ பதிவு முடிந்த கையோடு டிரம்மர் பில் புருஃபோர்ட் கிங் கிரிம்சன் குழுவுக்குப் போனார், அவருடைய இடத்தில் ஆலன் வைட் உட்கார்ந்தார். 1981-ல் குழுவே கலைந்தது.

இரண்டு ஆண்டுகளில் அது வேறு உருவத்தில் எழுந்தது. ஸ்க்வையரும் வைட்டும் தென்னாப்பிரிக்கக் கிட்டார் கலைஞர் ட்ரெவர் ரேபினோடு சேர்ந்தார்கள். டோனி கே திரும்பி வந்தார். முதலில் சினிமா என்ற பெயரில் ஆரம்பித்தது, ஆண்டர்சன் பாட வந்ததும் மறுபடி யெஸ் ஆனது. 1983-ல் ‘90125’ ஆல்பம் வந்தது. அதிலிருந்த ‘ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்’ 1984 ஜனவரியில் அமெரிக்காவின் ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது. எழுபதுகளில் ஹவ்வின் கிட்டார் இருந்த இடத்தில் இப்போது ரேபின் இருந்தார். கூர்மையான, பளபளப்பான, எண்பதுகளுக்கே உரிய ஒலி.

எட்டுப் பேர் பட்டியலை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒன்று புரியும். டோனி கேயின் இடத்துக்கு வந்தவர் வேக்மேன். புருஃபோர்டின் இடத்துக்கு வந்தவர் வைட். ஹவ் இருந்த இடத்தில் நின்றவர் ரேபின். ஒரே நாற்காலியில் வெவ்வேறு காலத்தில் உட்கார்ந்த இருவர், அப்படி மூன்று ஜோடி. ஆண்டர்சனும் ஸ்க்வையரும் மட்டும்தான் ஜோடி இல்லாதவர்கள். பழைய நண்பர்கள் திரும்பக் கூடினார்கள் என்று விளம்பரம் சொன்னது. உண்மையில் இவர்களில் பலர் அதற்கு முன் சேர்ந்து வாசித்ததே கிடையாது.

பெயர் யாருக்கு?

1988-ல் ஆண்டர்சன் ரேபின் இருந்த குழுவைவிட்டு வெளியே வந்தார். எழுபதுகளின் இசைக்குத் திரும்ப வேண்டும் என்பது அவருடைய ஆசை. புருஃபோர்ட், வேக்மேன், ஹவ் மூவரையும் அழைத்துக்கொண்டு கரீபியன் தீவான மான்ட்செராட்டில் இருந்த ஏர் ஸ்டுடியோவில் ஓர் ஆல்பம் பதிவு செய்தார். யெஸ் என்ற பெயர் ஸ்க்வையர் தரப்பிடம் இருந்ததால் நான்கு பேருடைய குடும்பப் பெயர்களையும் வரிசையாக வைத்து ‘ஆண்டர்சன் புருஃபோர்ட் வேக்மேன் ஹவ்’ என்றே வெளியிட்டார்கள். 1989-ல் வந்த அந்த ஆல்பம் பிரிட்டனில் 14-வது இடம், அமெரிக்காவில் 30-வது இடம் வரை போனது. கச்சேரிகளுக்கு ‘யெஸ் இசை மாலை’ என்ற பொருளில் பெயர் வைத்தபோது கலிஃபோர்னியாவில் இருந்த ஸ்க்வையர் தரப்பு வழக்குத் தொடுத்தது.

அந்த 1989 ஆல்பத்தை நான் யூனியனைவிட எவ்வளவோ மேல் என்று நினைக்கிறேன். குறைகள் இருக்கின்றன. ஒலி கொஞ்சம் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும், புருஃபோர்டின் எலக்ட்ரானிக் டிரம் சில இடத்தில் காதை உறுத்தும். ஆனாலும் ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் கேட்டுப் பதில் சொல்கிற பழக்கம் அதில் இருக்கிறது. பேஸ் கிட்டார் வாசித்த டோனி லெவினும் புருஃபோர்டும் ஏற்கெனவே கிங் கிரிம்சனில் பல ஆண்டுகள் சேர்ந்து வாசித்தவர்கள். அந்த நெருக்கம் ஒவ்வொரு தாளத்திலும் தெரியும்.

இரண்டாவது ஆல்பத்துக்கு வேலை தொடங்கியபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. வானொலியில் ஓடக்கூடிய தனிப்பாடல் வேண்டும் என்று அரிஸ்டா எதிர்பார்த்தது. நால்வரிடமிருந்து அப்படி எதுவும் வரவில்லை. எதிர்முகாமில் இருந்த ரேபினிடம் பாடல் கேட்டுப் போனார்கள். அவர் கொடுத்தவை கம்பெனிக்குப் பிடித்துப்போனது. ஒரு பாடலை வாங்குவதாகத் தொடங்கிய பேச்சு, இரண்டு குழுக்களையும் சேர்த்தால் என்ன என்பதில் போய் முடிந்தது. வழக்கும் தீரும், பெயரும் கிடைக்கும், ஹிட் பாடலும் கிடைக்கும். மேலாளர்களும் வழக்கறிஞர்களும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். ஒப்பந்தமாகப் பார்த்தால் அருமையான ஏற்பாடு. எட்டுப் பேருக்கும் கிடைக்காதது ஒன்றே ஒன்றுதான்: சேர்ந்து ஒரு பாடலை எழுதிப் பார்க்கும் வாய்ப்பு.

பதிவு நடந்த விதம்

இந்தக் கதையின் நடுப்பகுதி இதுதான் என்பதால் நிதானமாகப் பார்க்கலாம்.

ஆல்பத்தில் பதினான்கு பாடல்கள். அவற்றில் பத்து, ஆண்டர்சன் தரப்பு செய்தவை; ‘மாஸ்கரேட்’ போன்ற தனி வாசிப்பைத் தவிர்த்தால், பிரான்ஸில் தொடங்கி அமெரிக்காவில் முடித்தவை. நான்கு ரேபின், ஸ்க்வையர் தரப்பு தனியாகச் செய்தவை. எட்டுப் பேரும் சேர்ந்து வாசித்த பாடல் ஒன்றுகூடக் கிடையாது. அந்தப் பத்தில் பேஸ் இருக்கிற பாடல்களில் அதை வாசித்தவர் டோனி லெவின். யெஸ் குழுவை நிறுவியவரும் அதன் பேஸ் கலைஞருமான ஸ்க்வையர் அவற்றில் சிலவற்றுக்குப் பின்னணிக் குரல் மட்டும் கொடுத்தார். ரேபின் தரப்பின் நான்கு பாடல்களில் புருஃபோர்ட் இல்லை, வேக்மேன் இல்லை, ஹவ் இல்லை. இரண்டு பக்கத்தையும் இணைக்கிற ஒரே கயிறு ஆண்டர்சனின் குரல்.

‘மாஸ்கரேட்’ தவிர, ஆண்டர்சன் தரப்பின் பாடல்களுக்குத் தயாரிப்பாளர் ஜொனாதன் எலியாஸ். திரைப்படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் இசையமைத்துப் பழகியவர். ஆண்டர்சனும் துணைத் தயாரிப்பாளராக இருந்தார். ஹவ்வும் வேக்மேனும் தங்கள் பகுதிகளை வாசித்துக் கொடுத்துவிட்டு வேறு வேலைகளுக்குப் போனார்கள். அப்புறம் அமெரிக்காவில் அந்த ஒலிநாடாக்கள் பிரிக்கப்பட்டன. ஹவ் வாசித்தவற்றில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு ஜிம்மி ஹான் என்ற லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோ கிட்டார் கலைஞரை வைத்து மறுபடி வாசிக்கவைத்தார்கள். வேக்மேனின் பகுதிகளும் அப்படித்தான். டோட்டோ குழுவின் ஸ்டீவ் போர்காரோ உட்பட ஒரு வரிசையே கீபோர்டு, சின்தசைசர் வேலைக்கு வந்தது. பின்னணிக் குரலுக்கு இன்னொரு வரிசை. எட்டு நட்சத்திரங்களின் ஆல்பம் என்று சொல்லப்பட்டதில், எட்டைவிடப் பெரிய வெளியாட்கள் பட்டியல்.

முடிந்த ஆல்பத்தைக் கேட்ட வேக்மேனுக்குத் தன் வாசிப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ‘யூனியன்’ என்பதை ‘அனியன்’ (வெங்காயம்) என்றுதான் சொல்வேன், கேட்கும்போதெல்லாம் கண்ணீர் வருகிறது என்று அவர் பேட்டிகளில் சொன்னது ரசிகர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார். ஆனால் ஒரு கலைஞர் தன் கையால் வாசித்ததை முன்பின் அறியாதவர்கள் மாற்றியிருப்பதைக் கேட்பது சிரிக்கிற விஷயமா என்ன? ஹவ்வின் மனக்கசப்பும் குறைந்ததில்லை. புருஃபோர்ட் தன் வாழ்நாள் பதிவுகளில் அடிமட்டத்தில் வைப்பது இதைத்தான்.

எலியாஸுக்கும் ஒரு தரப்பு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. உறுப்பினர்களுக்குள் பேச்சுவார்த்தையே சரியாக இல்லை, கையில் இருந்தவை அரைகுறைப் பாடல்கள், கம்பெனியின் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது, ஆண்டர்சன் கூடவே இருந்தார் என்பதுதான் அவர் பின்னாளில் கொடுத்த விளக்கத்தின் சாரம். இதை நான் நம்புகிறேன். ஒரே வீட்டில் இல்லாத எட்டுப் பேரின் பெயரில் ஒருவர் சமைத்துக் கொடுக்க வேண்டிய நிலை அது. மூலப்பொருள் போதவில்லை என்றால் வெளியிலிருந்து வாங்கத்தான் செய்வார்.

முதல் பாடல் ‘ஐ வுட் ஹேவ் வெய்ட்டட் ஃபாரெவர்’. அதைக் காதுக்கருவி போட்டுக்கொண்டு கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். ஹான் கெட்டிக்காரர். ஹவ்வின் சாயலை நன்றாகவே பிடித்திருக்கிறார். சுருதி சுத்தம், தாளம் துல்லியம். ஆனால் ஹவ்வின் வாசிப்பில் ஒரு குணம் உண்டு. ஒரே சொற்றொடரை இரண்டாம் முறை வாசிக்கும்போது அது எங்காவது இடறும், ஒரு சுரம் முந்திக்கொள்ளும், பாடகரின் வரி முடிவதற்குள் பதில் சொல்லத் துடிக்கும். பாடுகிறவரோடு வம்பு பண்ணுகிற கிட்டார் அது. இந்தப் பாடலில் கிட்டார் குரலுக்கு வழிவிட்டு ஒழுங்காக நடந்துகொள்கிறது. ஏற்கெனவே பாடி முடித்த குரலின் மேல் பின்னால் வந்து பூசியது என்பதைக் காது கண்டுபிடித்துவிடும். சாதாரண ராக் பாடலுக்கு இது குறையே இல்லை. யெஸ்ஸின் இசையோ இந்த வம்பில்தான் உயிர்வாழ்ந்தது. ஸ்க்வையரின் பேஸ் கிட்டாரோடு சண்டைக்கு நிற்கும், டிரம்ஸ் இரண்டையும் விலக்கிவிடும், அதற்கு மேல் ஆண்டர்சன் எதுவும் நடக்காதது போல மிதந்துகொண்டே பாடுவார். அந்தச் சண்டைக்கு ஆட்கள் ஒரே அறையில் இருக்க வேண்டும்.

எல்லாமே தோல்வி என்று சொல்ல மாட்டேன். ‘ஈவன்சாங்’ என்று ஒரு துண்டு இருக்கிறது, ஒரு நிமிடத்துக்கும் குறைவு. புருஃபோர்டும் லெவினும் மட்டும். அங்கேயும் ‘மாஸ்கரேட்’ போல ஆள் இருக்கிறது. ‘அங்கோர் வாட்’ பாடலின் இறுதியில் கம்போடிய மொழியில் ஒரு பெண் கவிதை சொல்லும் பகுதி எனக்குப் பிடிக்கும். நல்ல ஆசைகள் ஆங்காங்கே தலைகாட்டுகின்றன.

எதிர்முகாமின் நான்கு பாடல்கள்

‘லிஃப்ட் மி அப்’, ‘சேவிங் மை ஹார்ட்’, ‘மிராக்கிள் ஆஃப் லைஃப்’, ‘தி மோர் வி லிவ்’. முதல் மூன்றும் ரேபினின் கைவண்ணம். நான்காவதை ஸ்க்வையரும் பில்லி ஷெர்வுட் என்ற இளைஞரும் எழுதினார்கள். எழுபதுகளில் யெஸ்ஸின் பெரிய ஆல்பங்களில் ஒலிப்பொறியாளராகவும் தயாரிப்பாளராகவும் இருந்த எடி ஆஃபோர்ட் அந்தப் பாடலுக்குத் திரும்ப வந்தார். பரந்த, மெதுவான, மழை வருவதற்கு முந்தைய வானம் மாதிரி ஒரு பாடல். ஸ்க்வையரும் ஷெர்வுடும் ஒருவருக்கொருவர் பிடித்துப்போய்ச் சேர்ந்து எழுதியது. அந்த நட்பு ஆல்பத்தைத் தாண்டி நீடித்தது. 2015 ஜூனில் ஸ்க்வையர் இறந்தபோது யெஸ்ஸில் அவருடைய பேஸ் கிட்டாரை ஏந்தியவர் ஷெர்வுட்தான். யூனியன் என்ற பெயருக்குப் பொருத்தமான சேர்க்கை இந்த ஆல்பத்தில் ஒன்று நடந்தது என்றால் அது எட்டுப் பேருக்கு வெளியே இருந்த ஒருவரோடு நடந்தது.

ரேபினின் பாடல்கள் ஒழுங்கானவை. பெரும்பாலும் ஒருவரே எழுதி, வாசித்து முடித்தவை. அதனால்தான் சேதாரம் குறைவு.

வெளியீடும் வரவேற்பும்

எண்களைப் பார்த்தால் தோல்வி என்றே சொல்ல முடியாது. பிரிட்டனில் 7-வது இடம், அமெரிக்காவில் 15-வது இடம். அமெரிக்காவில் ஐந்து லட்சம் பிரதிகளுக்கான தங்கச் சான்றும் கிடைத்தது. ‘லிஃப்ட் மி அப்’ பில்போர்டின் ராக் வானொலிப் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதே பாடல் பொதுப் பட்டியலான ஹாட் 100-ல் 86-வது இடத்தோடு நின்றது. ராக் வானொலி கேட்கிறவர்களிடம் பெயருக்கு மதிப்பு இருந்தது, புதிதாக யாரும் வரவில்லை என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும். ‘ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்’ இரண்டு பட்டியலிலும் முதலிடம் பிடித்த பாடல். ஏழு ஆண்டுகளில் நிலைமை அவ்வளவு மாறியிருந்தது.

இன்னொரு அடையாளமும் இருக்கிறது, அதை நான் பெரிதாக நினைக்கிறேன். 1992 கிராமி விருதுகளில் சிறந்த ராக் வாத்திய இசைப் பிரிவுக்கு இந்த ஆல்பத்திலிருந்து போன பரிந்துரை ‘மாஸ்கரேட்’. விருதை எரிக் ஜான்சனின் ‘க்ளிஃப்ஸ் ஆஃப் டோவர்’ வென்றது, அது தகுதியான வெற்றிதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். பத்துக்கும் மேற்பட்ட ஸ்டுடியோ கலைஞர்கள், பல நகரங்கள், பெரும் செலவு. கடைசியில் சக கலைஞர்களின் மதிப்பைப் பெற்றது, ஒருவர் தனியாக உட்கார்ந்து வாசித்து அனுப்பிய இரண்டே கால் நிமிடம்.

விமர்சனங்களில் சாதகமானவையும் இருந்தன. முகம் சுளித்தவர்கள் சொன்னதில் அடிக்கடி வந்த குறை, ஆல்பம் இரண்டு குழுக்களின் தொகுப்பு மாதிரி இருக்கிறது என்பது. கேட்டவர்களுக்கு ஜிம்மி ஹானின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை, வழக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஏதோ ஒட்டவில்லை என்பது மட்டும் தெரிந்தது. பதிவறைக் கதைகள் பேட்டிகளில் ஒவ்வொன்றாக வெளிவந்தபோது, ரசிகர்கள் காதால் ஏற்கெனவே கண்டுபிடித்ததற்கு விளக்கம் கிடைத்தது.

மேடை

இந்தக் கதையில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது ஒரு தேதி. சுற்றுப்பயணம் 1991 ஏப்ரல் 9-ல் ஃப்ளோரிடாவின் பென்சகோலாவில் தொடங்கியது. ஆல்பம் கடைக்கு வந்தது ஏப்ரல் 30-ல். எட்டுப் பேரும் வாத்தியத்தோடு ஒன்றாக நின்றது இந்தச் சுற்றுப்பயணத்துக்கான ஒத்திகையில்தான். அதாவது ஆல்பம் முடிந்த பிறகுதான் அந்த ஆல்பத்தை வெளியிட்ட குழு உருவானது.

உருவான பிறகு என்ன நடந்தது? நன்றாக இருந்தது! அமெரிக்க அரங்குகளில் நடுவே சுழலும் வட்ட மேடை, 1978 சுற்றுப்பயணத்தில் அவர்கள் பயன்படுத்திய அதே முறை. இரண்டு டிரம்மர்கள். வைட் வழக்கமான டிரம்ஸில் அடித்தளத்தைப் பிடித்துக்கொள்ள, புருஃபோர்ட் எலக்ட்ரானிக் தட்டுகளில் அதைச் சுற்றி அலங்காரம் செய்தார். ஹவ்வுக்கும் ரேபினுக்கும் இடையே உரசல் இருந்தது, அது இயல்பு. வேக்மேனும் ரேபினும் மாறாக ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள். சேர்ந்து ஓர் ஆல்பம் செய்ய வேண்டும் என்று அன்றே ஆசைப்பட்டதாக இருவரும் பின்னாளில் சொன்னார்கள்.

கலிஃபோர்னியாவின் ஷோர்லைன் அரங்கில் 1991 ஆகஸ்டில் எடுத்த காணொளிப் பதிவு இருக்கிறது. அதில் ‘அவேக்கன்’ பாடலைப் பாருங்கள். தொடக்கத்தில் வேக்மேனின் பியானோ ஓடி வரும், அப்புறம் ஆண்டர்சனின் குரல், அப்புறம் மொத்தக் குழுவும். நடுவில் எல்லாம் அடங்கி, மெல்லிய மணியோசையும் கீபோர்டும் மட்டும் நீண்ட நேரம் மிதக்கும் பகுதி வரும். அங்கே ஒருவர் அவசரப்பட்டாலும் பாடல் உடைந்துவிடும். யாரும் அவசரப்படவில்லை. வழக்கு மன்றத்தில் எதிரெதிரே நின்றவர்கள் அந்தச் சில நிமிடங்கள் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கிறார்கள். அது 1977-ல் வந்த பாடல், அந்தப் பதிவில் இருந்த ஐந்து பேரும் இந்த மேடையில் இருந்தார்கள். புதிய ஆல்பத்திலிருந்து அந்தச் சுற்றுப்பயணத்தில் வழக்கமாக வாசித்தது இரண்டு மூன்று பாடல்கள்தான். வெளியீட்டு விழாவாக இருக்க வேண்டிய பயணத்தில் ஆல்பத்துக்கே இடமில்லை. அதே ஆகஸ்டில் பழைய கம்பெனியின் தரப்பிலிருந்து ‘யெஸ்இயர்ஸ்’ என்ற நான்கு சிடி தொகுப்பும் வந்தது. மக்கள் எதைக் கொண்டாட வந்தார்கள் என்பதில் குழப்பமே இல்லை.

முப்பது ஆண்டு கழித்து யூனியன் பெயரில் வந்த பெரிய பெட்டித் தொகுப்பும் இந்தச் சுற்றுப்பயணத்தின் நேரடிப் பதிவுகளால் ஆனது.

ஒப்பிட ஒரு குழு

வயதாகிவிட்டது, காலம் மாறிவிட்டது, அதனால்தான் சரியாக வரவில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அதை நான் ஏற்கவில்லை. எழுபதுகளின் இன்னொரு பிரிட்டிஷ் குழுவான வான் டெர் கிராஃப் ஜெனரேட்டரைப் பாருங்கள். பீட்டர் ஹாமில், ஹ்யூ பான்டன், கை எவன்ஸ், டேவிட் ஜாக்சன் நால்வரும் சேர்ந்து கடைசியாக ஸ்டுடியோ ஆல்பம் செய்தது 1976-ல். 2003 டிசம்பரில் ஹாமிலுக்கு மாரடைப்பு வந்தது. அடுத்த பிப்ரவரியில் நால்வரும் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஒரு பழைய பாதிரியார் இல்லத்தில் கூடி, சில நாள் வாசித்துப் பார்த்தார்கள். வெளியே யாருக்கும் அறிவிக்கவில்லை. பிடிக்காவிட்டால் அப்படியே கலைந்து போயிருக்கலாம். பிடித்தது. அதன் பிறகுதான் அறிவிப்பு, 2005-ல் ‘ப்ரெசென்ட்’ என்ற இரட்டை ஆல்பம், மே மாதம் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் கச்சேரி.

அந்த ஆல்பத்தின் இரண்டாவது தட்டு முழுவதும் அந்த வீட்டில் திட்டமில்லாமல் வாசித்தவை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். எல்லாம் அருமை என்று சொல்ல முடியாது, சில இடத்தில் வழி தேடி அலைகிறார்கள். ஆனால் நால்வர் ஒருவரையொருவர் திரும்பக் கண்டுபிடிப்பது அதில் பதிவாகியிருக்கிறது. வரவேற்பும் அன்பானதாக இருந்தது. இவ்வளவுக்கும் அந்த மறுசேர்க்கை நீடிக்கவில்லை, ஜாக்சன் சீக்கிரமே விலகிவிட்டார். கருத்து வேறுபாடு அங்கேயும் இருந்தது, வயதும் இருந்தது, நீண்ட பிரிவும் இருந்தது. வரிசை மட்டும்தான் வேறு: முதலில் அறை, பிறகு பெயர்.

யெஸ்ஸுக்குள்ளேயே இதற்குச் சான்று உண்டு. 1996 மார்ச்சில் ஆண்டர்சன், ஸ்க்வையர், ஹவ், வேக்மேன், வைட் ஐவரும் கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற சிறு நகரத்துத் திரையரங்கில் மூன்று இரவு கச்சேரி செய்தார்கள். அந்தக் காலத்தில் பதிவான புதிய பாடல்களில் ஒன்றான ‘மைண்ட் டிரைவ்’ பதினெட்டு நிமிடத்துக்கு மேல். பேஸும் கிட்டாரும் மறுபடி சண்டை போடுகின்றன. வானொலியில் ஓடவில்லை, பட்டியலில் உயரவும் இல்லை. யெஸ் ரசிகர்கள் இன்று பிரியத்தோடு பேசுவது அதைப் பற்றி.

யாருடைய தவறு?

எலியாஸைத் திட்டுவது ரசிகர்களிடையே ஒரு வழக்கம். அரிஸ்டாவைத் திட்டுவது இன்னொன்று. கம்பெனி தன் தேவையைத் தொடக்கத்திலேயே சொன்னது, அதை மறைக்கவில்லை. என் கணிப்பில், ஆல்பத்தைத் தள்ளிப்போட்டிருக்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் ஆண்டர்சனுக்கும் ஸ்க்வையருக்கும்தான் இருந்தது. முதலில் எட்டுப் பேரும் பயணம் போய், வட்ட மேடையில் எண்பது இரவு வாசித்து, யாருக்கு யாரோடு ஒத்துப்போகிறது என்று பார்த்த பிறகு ஸ்டுடியோவுக்குள் நுழைந்திருக்கலாம். வேக்மேனும் ரேபினும் சேர்ந்து எழுதிய பாடல் ஒன்று, புருஃபோர்டும் வைட்டும் எதிரெதிரே உட்கார்ந்த பாடல் ஒன்று, இவை அந்த 1992-ல் சாத்தியமாக இருந்தன. அந்த ஆல்பம் இல்லையே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. பயணம் 1992 மார்ச்சில் ஜப்பானில் முடிந்தது, குழுவும் அதோடு பிரிந்தது. 1994-ல் வந்த ‘டாக்’ ஆல்பத்தில் ரேபின் தரப்பு மட்டும்தான் இருந்தது.

ஆண்டர்சன், ரேபின், வேக்மேன் மூவரும் சேர இன்னும் இருபத்தைந்து ஆண்டு பிடித்தது. 2016-ல் சேர்ந்தார்கள், அடுத்த ஆண்டு யெஸ் என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஹவ்வும் வைட்டும் நடத்திய யெஸ் அப்போது தனியே ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி இரண்டு குழுக்கள், ஒரு பெயர்.

அந்த நாட்களில்தான், 2017 ஏப்ரல் 7 அன்று, புரூக்ளினில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் யெஸ்ஸைச் சேர்த்துக்கொண்டது. யூனியன் எட்டுப் பேருக்கும்தான் அந்த மரியாதை. டோனி கே வரவில்லை. புருஃபோர்ட் வந்தார், வாசிக்கவில்லை. ஸ்க்வையர் உயிரோடு இல்லை. ‘ரவுண்டபவுட்’ பாடலுக்கு ரஷ் குழுவின் கெடி லீ அவருடைய இடத்தில் பேஸ் வாசித்தார். அடுத்தது ‘ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்’. ரேபினின் பாடல், ரேபினின் கிட்டார். கெடி லீ மேடையைவிட்டு இறங்கியிருந்தார். ஹவ் தன் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு ஒரு பேஸை எடுத்து மாட்டிக்கொண்டு, ரேபினுக்குப் பின்னால் ஸ்க்வையரின் வரியை வாசித்தார்.